பூட்டியவர் யார்?

பூட்டு என்றதும் கள்வனைப் பற்றிய நினைவு வருவதே நமக்கு வழக்கம். வீட்டுக் கதவுக்குப் பூட்டு, கடைக்குப் பூட்டு, பாடசாலைப் படலைக்குப் பூட்டு: எல்லாம் அந்நியன் உட்புகாதிருக்கும் பொருட்டே இடப்படுகின்றன. இக்காலத்துக் கந்தோர்களிலோ கணினி தானாகவே இடுகின்ற பூட்டு ஒன்று உண்டு. அது கள்வனுக்கென இடப்படுவதன்று. நாணயமான இரண்டு ஊழியர்கள் ஒரே வேளையில் ஒரே கணக்கில் எழுத முற்படும்பொழுது, ஒருவர் எழுதியதை மற்றவர் தம்மையறியாமல் அழித்துவிடாதிருக்கும் பொருட்டு இடப்படுவது. அதன் இயல்பை அறிந்தோர் சிலரே. அதனால் அல்லலுறுவோரோ மிகப் பலர்.

நேயர்களுடைய இல்லங்களிலே வங்கியிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ, ஏற்றுமதிக் கம்பனியிலோ கணக்கெழுதும் பிள்ளை ஒருவர் இருக்கக்கூடும். மாத முடிவில் அவர் நேரங்கழித்து வீடு திரும்பினால் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள். "இந்தப் பதிவு வேறொருவரால் பூட்டப்பட்டுள்ளது" என்றோ, "இந்தத் தொகுதி இன்னும் செயற்பாட்டில் உள்ளது" என்றோ கணினி காட்டிக்கொண்டே இருந்தது. அதனால் வேலை தடைப்பட்டது என்பார். தாய்மார் இதனைச் சாட்டுப் போக்கு என்று எண்ணுதல் கூடாது. மெய்யாகவே நேர்வதுதான்.

பூட்டு எதற்காக வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம். களஞ்சியம் ஒன்றிலே நூறு மூடை சீனி இருக்கின்றது. இலிகிதர் இருவர் தத்தம் கணினியில் அந்த இருப்பை ஏககாலத்தில் நோக்குகின்றனர். இருவருக்கும் 100 என்றே தோன்றுகின்றது. முதலாமவர் 30 மூடைகளை விற்று, மீதி 70 என்று பதிகிறார். ஒரு நிமிடம் சென்றபின் இரண்டாமவர் தாம் விற்ற 20 மூடைகளைக் கழித்து, மீதி 80 என்று பதிகிறார். களஞ்சியத்தில் எஞ்சியிருப்பன 50 மூடைகள். கணக்கோ 80 என்கின்றது. முப்பது மூடைச் சீனி எங்கே? ஒருவரும் திருடவில்லை, ஒருவரும் பிழையாகக் கழிக்கவும் இல்லை. ஆயினும் வருட முடிவில் இருப்பு எடுக்கும் நாளிலே களஞ்சியப் பொறுப்பாளர் தலையில் அந்த முப்பது மூடையும் விழும்.

முற்காலத்திலே இவ்விடர் இருக்கவில்லை. பேரேடு ஒன்று, அது ஒருவர் மேசையில் இருக்கும்பொழுது மற்றவர் அதில் எழுத இயலாது. புத்தகமே தனக்குத் தான் பூட்டாக இருந்தது. அந்தப் பேரேடு ஆயிரம் திரைகளிலே ஒரே சமயத்தில் தோன்றத் தொடங்கிய பின்னரே, இயற்கையாக இருந்த பூட்டுக்கு ஈடாகச் செயற்கையாக ஒன்றை ஆக்கவேண்டி வந்தது.

தண்டவாளமும் தகடும்

இந்தச் சிந்தனை கணினிக்கு முன்னரே புகைவண்டிக்கு வந்துவிட்டது. 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இங்கிலாந்திலே நோரிச் நகருக்கு அண்மையில் தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிராக அனுப்பப்பட்ட இரண்டு வண்டிகள் மோதின. தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பமே காரணம். இருபத்தைந்து பேர் மாண்டனர். அதன் பின் 1878இல் எட்வர்ட் டையர் என்பார் ஓர் உபாயம் கண்டார். இரண்டு நிலையங்களிலும் மின்சாரத்தால் இணைக்கப்பட்ட பெட்டிகள் உண்டு. அவற்றுள் தகடுகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு தகட்டை வெளியே எடுத்தால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டியிற் சேரும்வரை வேறொரு தகடு வெளிவராது. தகட்டைக் கையில் வைத்திருக்கும் சாரதி மாத்திரமே அந்தப் பாதையிற் செல்லலாம். நமது மலைநாட்டுப் பாதையிலே பயணஞ் செய்தோர், நிலைய அதிபர் பெரியதொரு வளையத்தை நீட்டச் சாரதி ஓடும் வண்டியிலிருந்தே அதைப் பற்றிக்கொள்ளும் காட்சியைக் கண்டிருப்பர். அந்த வளையத்தோடு இணைந்த பையில் இருப்பது இத்தகடே.

1960களின் தொடக்கத்திலே ஒல்லாந்தரான டைக்ஸ்ட்ரா என்னும் கணித அறிஞர், ஒரே கணினியில் பல வேலைகள் ஒன்றையொன்று குழப்பாமல் நடைபெறுவதற்கு வழி கண்டபொழுது, தமது கருவிக்குப் புகைவண்டிக் கைகாட்டியின் பெயரையே இட்டார். இன்னோர் இடரையும் அவர் எடுத்துக் காட்டினார். ஒருவர் கையில் சீனிக் கணக்கு. அவர் அரிசிக் கணக்குக்காகக் காத்திருக்கிறார். மற்றவர் கையில் அரிசிக் கணக்கு. அவரோ சீனிக் கணக்குக்காகக் காத்திருக்கிறார். இருவரும் விடமாட்டார், இருவருக்கும் கிட்டாது. இதனைக் கொல்லும் தழுவல் என்று அவர் அழைத்தார். திருதராட்டிரன் வீமனைத் தழுவ விரும்பிய கதை நம்மவர்க்கு நினைவு வரும். இத்தகைய தழுவலைத் தரவுத்தளம் இப்பொழுது தானே கண்டுபிடித்து, ஒருவருடைய வேலையை இரத்துச் செய்து மற்றவரை விடுவிக்கின்றது. ஆகவே அதனைக் கண்டு ஊழியர் அஞ்சவேண்டியதில்லை. இரத்தான வேலையை மறுபடி செய்தாற் போதும்.

வர்த்தகக் கணக்குகளுக்கு இந்த விதிகளை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களுள் அமெரிக்கரான ஜிம் கிரே முதன்மையானவர். ஐ.பீ.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் அவரும் தோழர் மூவரும் சேர்ந்து 1976இல் வெளியிட்ட கட்டுரையிலே, ஒரு கொடுக்கல் வாங்கல் தனக்கு வேண்டிய பூட்டுகளையெல்லாம் பெற்று முடிக்கும்வரை ஒன்றையேனும் விடலாகாது. ஒன்றை விடத் தொடங்கிய பின் புதிதாக ஒன்றைப் பெறலாகாது என்ற விதி வகுக்கப்பட்டது. கேட்கும்பொழுது எளிய விதியாகத் தோன்றும். வங்கிகளின் கணக்குகள் கலங்காதிருப்பது பெரும்பாலும் இதனாலேயே. 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசைப் பெற்ற அப்பேரறிஞர், 2007 ஜனவரியில் தமது அன்னையாரின் அஸ்தியைக் கடலிற் கரைக்கத் தனியே பாய்க்கப்பலிற் சென்று, திரும்பி வராமலே போனார்.

உடைப்பதற்கு முன்

இனி நடைமுறைக்கு வருவோம். பூட்டுச் செய்தி திரையில் தோன்றியவுடன் கந்தோரில் எழும் முதற் குரல், "அதை எடுத்துவிடுங்கள்" என்பதே. கேட்கவேண்டிய முதற் கேள்வியோ, பூட்டியவர் யார் என்பது. அடுத்த கேள்வி, அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பது.

ஜேர்மனியிலே ஐ.பீ.எம். நிறுவனத்தை விட்டு விலகிய ஐவர் 1972இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. என்னும் நிறுவனத்தின் மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நமது நாட்டிலும் பெரிய கம்பனிகள் சில இதனைக் கையாளுகின்றன. அதிலே எஸ்.எம்.12 என்று ஒரு திரை உண்டு. எந்தப் பதிவு பூட்டியிருக்கின்றது, எவருடைய பெயரால், எத்தனை மணிக்கு என்ற விவரமெல்லாம் அங்கே காணலாம். நேரம் மிக முக்கியமானது. இரண்டு நிமிடத்துக்கு முன் இட்ட பூட்டு என்றால் பொறுமையே மருந்து. காலை எட்டு மணிக்கு இட்ட பூட்டு மாலை நான்கு மணிக்கும் நிற்குமாயின் ஆராய வேண்டும்.

ஆராயும்பொழுது வேடிக்கையான விடை ஒன்று அடிக்கடி வரும். பூட்டியவர் முறைப்பாடு செய்தவரேதான். இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றிலே ஒரு கட்டளையைத் திருத்தத் தொடங்கி, அதை மறந்து மற்றொன்றிலே அதே கட்டளையைத் திறக்க முயன்றிருப்பார். தம் பெயரே திரையில் தோன்றியும், அது கணினியின் கோளாறு என்று சாதிப்போர் உளர்.

பூட்டியவர் வேறொருவராயின், எஸ்.எம்.04 என்னும் திரையில் அவருடைய அமர்வு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால், ரெலிபோனை எடுத்து அவரைக் கேட்பதுதான் அதியுத்தமமான தொழில்நுட்பம். நம்மிடம் பயின்று இப்பொழுது கொழும்பிலே வர்த்தக நிலையம் ஒன்றிற் கணக்குப் பகுதியிலிருக்கும் மாணவர் ஒருவர் கூறினார்: மாதக் கடைசி நாளிலே மூன்று பகுதியினர் இரண்டு மணி நேரம் ஒரு பூட்டைப் பற்றி விவாதித்தனராம். பூட்டியவர் அடுத்த மாடியிலே தேநீர் அருந்திக்கொண்டிருந்தாராம். ஒருவரும் படியேறிப் போய்க் கேட்கவில்லை.

சில வேளைகளிற் பூட்டியவர் மனிதரே அல்லர். இரவிலே தானாக ஓடவிடப்பட்ட பெருவேலை ஒன்று விடிந்தும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும், அதனை எஸ்.எம்.37 காட்டும். வேறு சில வேளைகளில் ஊழியர் தம் வேலையை முறையாகச் சேமித்து முடித்திருப்பார். அவர் சேமித்ததைத் தரவுத்தளத்தில் எழுதும் பின்னணி வேலை மாத்திரம் எஞ்சி நிற்கும். அப்பொழுது பூட்டு ஊழியர் கையிலிருந்து அந்தப் பின்னணி வேலையின் கைக்கு மாறிவிடும். ஊழியர் வீடு சென்றிருந்தாலும் பூட்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எஸ்.எம்.13 என்னும் திரையைப் பார்க்காமல், ஆள் இல்லையே, பூட்டை அழித்துவிடலாம் என்று முடிவு செய்வோர் அரைகுறையாக எழுதப்பட்ட கணக்கின்மேல் மற்றொருவரை எழுத விடுகின்றனர்.

இவை எல்லாம் பார்த்தாயிற்று. இணைப்பு அறுந்துபோன கணினி ஒன்றின் அமர்வு உள்ளே அநாதையாகத் தொங்கி நிற்கின்றது. எழுதவேண்டியது எதுவும் பாக்கியில்லை. அப்பொழுதும் பூட்டைத் தனியாக அழித்தல் தகாது. அந்த அமர்வையே முடித்தல் வேண்டும். அமர்வு முடிந்தால் அதன் பூட்டுகள் தாமே நீங்கும். பூட்டை மாத்திரம் அழித்துவிட்டு அமர்வை உயிரோடு விட்டால், பழைய கணக்கைத் திரையில் வைத்திருப்பவர் திரும்பி வந்து சேமித்துவிடக்கூடும். மேலே கூறிய முப்பது மூடைச் சீனியும் மறுபடி மறையும்.

செயற்பாட்டில் உள்ளது என்று தொங்கி நிற்கும் தொகுதி இன்னும் பொல்லாதது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டைனமிக்ஸ் ஜீ.பி. என்னும் கணக்கு மென்பொருளைக் கையாண்டோர் இதனை நன்கு அறிவர். நூறு சிட்டைகள் கொண்ட தொகுதியைப் பேரேட்டிற் பதியும் வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது என வைத்துக்கொள்வோம். தொகுதியின் தலையிலே "பதியப்படுகின்றது" என்ற குறி நின்றுவிடும். இனி எவரும் அதைத் தொட இயலாது. குறியை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆயின் அதற்கு முன் தரவு முழுவதையும் பிரதி எடுத்து வைக்கவேண்டும். எல்லாப் பாவனையாளரையும் வெளியேறச் செய்யவேண்டும். எந்தச் சிட்டைகள் பேரேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன, எவை சேரவில்லை என்று ஒப்புநோக்க வேண்டும். ஒப்புநோக்காமற் குறியை அழித்து மறுபடி பதிந்தால், ஒரே பணம் இரண்டு தடவை வரவாகவோ செலவாகவோ ஆகிவிடும் ஆபத்து உண்டு. கணினித் துறையினர் பலர் இங்கேதான் அவசரப்படுகின்றனர். செய்தி மறைந்துவிட்டால் நோய் மாறிவிட்டது என்பது அவர் எண்ணம்.

ஃபோல்கர்க் நகரத்துத் தபாற் கந்தோர்

இத்துணைச் சிறிய செய்தி ஒன்றைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுவானேன் என நேயர்கள் வினவலாம். பிரித்தானியாவிலே நடந்ததைக் கூறுவோம்.

அந்நாட்டுத் தபாற் கந்தோர்களிலே 1999ஆம் ஆண்டு தொடக்கம் ஹொரைசன் என்னும் கணினிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. அதனை ஆக்கியதும் பராமரித்ததும் ஐ.சீ.எல். நிறுவனமும், பின்னர் அதனைத் தன்னுள் அடக்கிய புஜிற்சு நிறுவனமுமாகும். உப தபாலதிபர்கள் சம்பள உத்தியோகத்தரல்லர், ஒப்பந்தக்காரர். பெட்டியிலுள்ள காசு கணக்கிலும் குறைந்தால் அவர்களிடமே அது கோரப்பட்டது.

ஹொரைசனின் முதல் அமைப்பில், ஒரு கந்தோரில் உள்ள ஒவ்வொரு கருமபீடக் கணினியும் மற்றவற்றின் பதிவுகளையும் தன்னுள்ளே பிரதி செய்து வைத்துக்கொள்ளும். இதனை நடத்திய உள் மென்பொருளிலே ஒரு குறை இருந்தது. சில வேளைகளில் ஒரு கணினியிற் பூட்டு ஒன்று விடுபடாமல் நின்றுவிடும். அது நிற்கும்வரை அந்தக் கணினிக்கு மற்றக் கருமபீடங்களில் நடப்பது தெரியாது. 2005ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஸ்கொட்லாந்தின் ஃபோல்கர்க் நகரிலுள்ள கலண்டர் ஸ்குயர் கந்தோரிலே இதுதான் நிகழ்ந்தது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றப்பட்ட காசு ஒரு கருமபீடத்தில் ஏற்கப்பட்டது. மற்றக் கருமபீடம் அதை அறியவில்லை. ஆகவே அங்கும் அதே காசு ஏற்கப்பட்டது. கணக்கிலே காசு இரண்டு தடவை வந்தது. பெட்டியிலோ ஒரு தடவையே வந்தது. மூவாயிரம் பவுணுக்கு மேற் குறைவு காட்டிற்று.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாற் பூட்டு மறைந்துவிடும். இரட்டித்த வரவு மறையாது. இதுவே அக்குறையின் கொடுமை. மறுநாட் காலையிற் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். உப தபாலதிபரின் பெட்டி மாத்திரம் குறைந்திருக்கும்.

இதனினும் கொடியது வேறொன்று. இந்தப் பூட்டுக் கோளாறு பல வருடங்களாகவே இருந்துவருவதையும், வாரந்தோறும் என்னத்தக்க அளவில் வெவ்வேறு கந்தோர்களைத் தாக்குவதையும் புஜிற்சுவின் பொறியியலாளர் அறிந்திருந்தனர். 2006இன் தொடக்கத்தில் அவர்களுக்குள்ளே பரிமாறப்பட்ட மின்னஞ்சல் அதனைக் காட்டுகின்றது. அந்த வருடமே திருத்தம் செய்யப்பட்டது. முப்பது கிளைகள் பாதிக்கப்பட்டன என்று பின்னர் நீதிமன்றத்திற் கூறப்பட்டது. கருமபீடத்தின் பின்னே நின்றவர்களுக்கு இவையெல்லாம் உரிய காலத்திற் சொல்லப்படவில்லை.

ஹொரைசனில் இருந்த குறை இஃது ஒன்று மாத்திரமன்று. வேறு பலவும் இருந்தன. 1999க்கும் 2015க்கும் இடையில், இல்லாத குறைவுகளுக்காகத் தொளாயிரத்துக்கு மேற்பட்டோர் களவு, கணக்குப் புரட்டு முதலிய குற்றங்களுக்குத் தீர்ப்பிடப்பட்டனர். சீமா மிஸ்ரா என்னும் உப தபாலதிபருக்கு 2010 நவம்பரிலே பதினைந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. அப்பொழுது அவர் கருவுற்றிருந்தார். அவருடைய வழக்கிலே ஃபோல்கர்க் கோளாறு பற்றிய பேச்சும் எழுந்தது. அஃது அவருடைய கந்தோரில் நிகழவில்லை என்று வழக்குத் தொடுத்தோர் பக்கத்திற் கூறப்பட்டது. அதே கோளாறுதான் அவர் கணக்கைக் கெடுத்தது என்று நாம் கூற வரவில்லை. ஒரு கந்தோரிற் கணினி பொய் கூறிற்று என்று தெரிந்த பின்னரும், மற்றக் கந்தோரில் மனிதர்தான் பொய் கூறினார் என்று கொண்ட துணிவையே சுட்டுகின்றோம். 2021 ஏப்ரலில் அவருடைய தீர்ப்பும், அவரோடு சேர்ந்த முப்பத்தெட்டுப் பேருடைய தீர்ப்புகளும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டன.

அதற்கு வழி திறந்தது, அலன் பேற்ஸ் என்னும் முன்னாள் உப தபாலதிபரும் அவரோடு சேர்ந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரும் தொடுத்த வழக்கு. 2019 டிசெம்பர் 16ஆந் திகதி நீதியரசர் பிரேசர் அளித்த தீர்ப்பிலே கலண்டர் ஸ்குயர் பூட்டுக் கோளாறு தனியே எடுத்து ஆராயப்பட்டது. பழைய பதிவேடுகளிலிருந்து, எந்த நாளில் எந்தக் கணினியில் எந்தப் பூட்டு எவ்வளவு நேரம் நின்றது என்பதைத் தேடிப் பிடிக்க நிபுணர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. மாணவர்களுக்கு நாம் இங்கே ஒன்று கூறுவோம். கந்தோரிற் பூட்டுச் செய்தி தோன்றினால், அதை நீக்க ஓடுமுன் திரையிலுள்ள வாசகத்தையும், நாள், நேரம், பதிவு இலக்கம் ஆகியவற்றையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கியவர் யார், என்ன செய்தார் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. ஃபோல்கர்க்கிலே தவறு அகப்பட்டது, அங்கே இருந்தவர்கள் நடந்ததை வற்புறுத்தி முறையிட்டமையாலும், அம்முறைப்பாட்டுக்கு ஒத்த சுவடு பதிவேட்டில் இருந்தமையாலுமே.

2024 மே மாதத்திலே பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றினால், இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் இவ்வகையில் வழங்கப்பட்ட குற்றத் தீர்ப்புகளை ஒருங்கே நீக்கிற்று. ஸ்கொட்லாந்தும் தனக்கெனச் சட்டம் இயற்றிற்று. எனினும் இங்கிலாந்தின் சட்டத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது. கணினிச் சான்றைத் தருவோர் அக்கணினி ஒழுங்காக இயங்கிற்று என்று முதலிற் காட்டவேண்டும் என 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருந்தது. அந்தப் பிரிவு 1999இல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், எதிராகக் காட்டப்படாதவரை கணினி சரியாகவே இயங்கிற்று என்று நீதிமன்றங்கள் கொள்ளலாயின. பூட்டு நின்றதற்கான பதிவேடோ கம்பனியின் கையில் இருந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவர் கையில் இருக்கவில்லை. இந்த அனுமானத்தை வைத்திருப்பதா, மாற்றுவதா என்று அந்நாட்டு நீதி அமைச்சு 2025 ஜனவரியிலே பொதுமக்களிடமும் அறிஞர்களிடமும் கருத்துக் கேட்டது.